ஒரு செமஸ்டர் போதாது

ஜெர்மனியின் மேற்கு எல்லையில் இருக்கும் ஆகன் நகரத்தில் மாணவர் விடுதி அறையின் சாவி கைக்கு வந்ததும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. கீழ்த்தளத்துத் தபால் பெட்டியில் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். அங்கே தபால்காரர் பெரும்பாலும் கதவு எண்ணைத் தேடுவதில்லை, பெட்டியில் இருக்கும் பெயரைத்தான் பார்க்கிறார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வங்கி அட்டை ஓர் உறையில் வரும், அதன் ரகசிய எண் இன்னோர் உறையில் வரும். மருத்துவக் காப்பீட்டு அட்டை, வரி அடையாள எண், அரசாங்க அறிவிப்புகள் எல்லாமே இன்னும் அங்கே காகிதத்தில்தான் வருகின்றன.

எந்தப் பெயரை ஒட்டுவது என்பதில்தான் தமிழ் மாணவருக்கு முதல் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். ஜெர்மானியப் படிவங்களுக்குக் குடும்பப் பெயர்தான் ஆளின் அடையாளம். ஆகவே தபால் பெட்டியிலும் வகுப்புப் பட்டியலிலும் மருத்துவரின் வரவேற்பறையிலும் அப்பாவின் பெயரே மாணவரின் பெயராகிவிடுகிறது. "திரு. முருகேசன்" என்று அலுவலகத்தில் கூப்பிடும்போது தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உறைக்கவே சில வாரம் பிடிக்கும்.

இங்கே நான் எழுத வந்தது பட்டம் முழுவதையும் அங்கே படிக்கப் போகிறவர்களைப் பற்றி அல்ல. சொந்தக் கல்லூரியில் பதிவை வைத்துக்கொண்டு, ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும் பரிமாற்ற மாணவர்களைப் பற்றி. பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. தடுமாறி எழுந்து நடக்க நேரம் உண்டு. பரிமாற்ற மாணவருக்கு இருப்பது சுமார் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் அவர் குடியேற வேண்டும், படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இன்று வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பெருமையோடு விளம்பரப்படுத்துகின்றன. போகும் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் போதுமா என்ற கேள்வி அந்த விளம்பரங்களில் இல்லை.

பரிமாற்றம் என்ற ஏற்பாடு பழையது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற நிறுவனமான 'டாட்' 1925-ல் ஹைடெல்பெர்க் நகரில் தொடங்கியது. ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான எராஸ்மஸ் திட்டம் 1987-ல் வந்தது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். நமக்கும் ஜெர்மனிக்கும் உள்ள தொடர்பு அதற்கும் முந்தியது. சென்னை ஐ.ஐ.டி 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழும்பியது. அங்கிருந்து பேராசிரியர்களும் இயந்திரங்களும் கிண்டிக்கு வந்தார்கள், இங்கிருந்து இளம் ஆசிரியர்கள் பயிற்சிக்கு அங்கே போனார்கள். 1870-ல் தொடங்கப்பட்ட ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் சென்னை ஐ.ஐ.டி-க்கும் நெடுநாள் கூட்டு உண்டு. இன்று ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம். 2022-23 குளிர்கால செமஸ்டரில் சீன மாணவர்களின் எண்ணிக்கையை முந்தினார்கள், அடுத்த ஆண்டே 49 ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

காகித வாரங்கள்

முதல் மூன்று வாரத்தைப் படிப்பு எடுத்துக்கொள்வதில்லை, காகிதம் எடுத்துக்கொள்கிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். மாணவர்கள் இதை 'ஆன்மெல்டுங்' என்றே சொல்கிறார்கள். பதிவு செய்ய, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். உள்ளூர் வங்கிக் கணக்குக்குப் பெரும்பாலும் அந்தப் பதிவுச் சீட்டைக் கேட்பார்கள். வாடகையையும் முன்பணத்தையும் அனுப்ப வங்கிக் கணக்கு வேண்டும். வாடகை கட்டினால்தான் சாவி. இந்த வட்டத்தில் எந்த இடத்தில் நுழைவது என்று தெரியாமல் மாணவர்கள் தவித்துப்போகிறார்கள். இணைய வங்கி ஒன்றில் பாஸ்போர்ட்டைக் காட்டி முதலில் கணக்கு திறந்துகொள்வது இப்போது பலரும் பிடிக்கும் வழி.

பணம் இருந்தும் கையில் பணம் இல்லாத நிலை இன்னொன்று. விசாவுக்காக 'முடக்கப்பட்ட கணக்கு' ஒன்றில் மாதத்துக்கு 992 யூரோ வீதம் தங்கும் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள். ஓராண்டுக்கு 11,904 யூரோ, ஆறு மாதம் என்றால் 5,952. நம் ஊர்க் கணக்கில் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும் தொகை அது. ஆனால் அங்கே போய் உள்ளூர்க் கணக்கு திறந்து அதை இணைத்த பிறகுதான் மாதத் தவணை இறங்கத் தொடங்கும். அதுவரை முன்பணம், முதல் மாத வாடகை, போர்வை, பாத்திரம், மாதம் 140 யூரோவை ஒட்டி வரும் மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் கையில் கொண்டுபோன பணம்தான். முதல் ஆறு வாரச் செலவைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு போகச் சொல்லி எந்த வழிகாட்டிக் கூட்டத்திலாவது அழுத்திச் சொல்கிறார்களா தெரியவில்லை. சொல்ல வேண்டும்.

பதிவு முடிந்த சில வாரத்தில் ஒரு கடிதம் வரும். பொது வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமாக வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ கேட்கும் கடிதம். அறையில் டி.வி இல்லையே என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. டி.வி இருக்கிறதா என்பது கணக்கே இல்லை, குடியிருப்பதற்கே கட்டணம். விட்டால் நினைவூட்டல் வரும், அபராதம் சேரும். ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்கிறவர்களில் ஒருவர் கட்டினால் போதும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஆகனுக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. நகரத்திலிருந்து பஸ்ஸில் சிறிது நேரம் போனால் வால்ஸ். அது நெதர்லாந்து. ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சந்திக்கும் முனை அதன் குன்றின் மேல்தான் இருக்கிறது. எல்லையில் காவல் சாவடி கண்ணில் படாது, வாடகையும் சில சமயம் கட்டுப்படியாகும், அறையும் எளிதில் கிடைக்கும். ஐரோப்பிய மாணவர்கள் தயங்காமல் அங்கே குடியிருக்கிறார்கள். ஜெர்மன் விசாவில் வந்த இந்திய மாணவர் அப்படிச் செய்ய முடியாது. விடுமுறை நாளில் போய் வரலாம். குடியிருக்க நெதர்லாந்தின் அனுமதி வேண்டும். அறை கிடைக்காத பதற்றத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை யாராவது முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

சமையலறை என்னும் வகுப்பறை

நான் உறுதியாக நம்பும் ஒன்றைச் சொல்கிறேன். பரிமாற்ற மாணவர் ஊன்றுவது பல்கலைக்கழகத்தில் அல்ல, விடுதியின் பொதுச் சமையலறையில். ஒரு தளத்தில் பத்துப் பன்னிரண்டு அறைகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு சமையலறை. ஒரு ஜெர்மானியர், இரண்டு சீனர்கள், ஒரு துருக்கியர், ஒரு ஸ்பெயின்காரர், நம் ஆள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பெயரைத் தெரிந்துகொள்ளாமலே செமஸ்டர் ஓடிவிடும். அடுப்பைப் பகிர்ந்துகொள்கிறவரின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வாரம்கூடத் தள்ள முடியாது.

அங்கே கொண்டுபோகும் சாமான்களிலிருந்தே பாடம் தொடங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணப்பெட்டியில் கொண்டுவரக் கூடாது. அம்மா காய்ச்சிக் கொடுத்த நெய்யும் திருவில்லிபுத்தூர் பால்கோவாவும் சுங்கத்தில் பிடிபட்டால் குப்பைக்குத்தான் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதி இல்லை; செடிகொடி நோய்கள் பரவாமலிருக்க இலை, காய், கனிகளுக்குச் சுகாதாரச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்று தேவைப்படாத ஐந்து உண்டு: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன். ஐந்தில் இரண்டு நம் பூஜைத் தட்டில் இருப்பவை என்பது ஒரு தற்செயலான ஆறுதல். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, காய்ந்த மிளகாய், புளி, ஊறுகாய் தாராளமாகப் போகலாம்.

அடுத்தது குக்கர். மின்னழுத்தம் நம் ஊரைப் போல 230 வோல்ட்தான், ஆகவே சிறிய மிக்சி அங்கேயும் ஓடும். பிளக் மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் கேஸ் அடுப்பு அநேகமாக இருக்காது. கண்ணாடித் தகட்டு மின் அடுப்பு இருக்கும், அல்லது இண்டக்‌ஷன். இண்டக்‌ஷனில் அலுமினியக் குக்கர் சூடேறாது. தகட்டு அடுப்பில் அடி குழிந்த வாணலி நிற்காது. அடி தட்டையான ஸ்டீல் குக்கர் ஒன்றை எடுத்துப் போனவர்கள் பிழைத்தார்கள்.

பிறகு தாளிப்பு. கடுகு வெடித்து மிளகாய் கருகி எழும் அந்தக் கார நெடி நமக்கு வீட்டின் வாசனை, அந்தத் தளத்தில் இருப்பவர்களுக்கு இருமல். கதவு திறந்திருந்தால் நடைவழியில் இருக்கும் புகை எச்சரிப்பான் அலறும். சில விடுதிகளில் அது நேரே தீயணைப்பு நிலையத்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். வண்டி வந்துவிட்டால் அதன் செலவை யார் தலையில் கட்டுவது என்ற பேச்சும் எழும். அதனால் பழைய மாணவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு ஜெர்மன் வணக்கம் சொல்லித் தருவதற்கு முன்பே இதைச் சொல்லித் தருகிறார்கள்: கதவைச் சாத்து, சன்னலைத் திற, எண்ணெயைக் குறைந்த சூட்டில் காயவிடு, மூடியைக் கையில் வைத்துக்கொள். குக்கர் விசில் சத்தத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் முறை கேட்கிறவர்கள் ஏதோ வெடிக்கப் போகிறது என்று ஓடிவருவார்கள். இரண்டாம் முறை நின்று பார்ப்பார்கள். மூன்றாம் முறை தட்டோடு வருவார்கள்.

சுவரில் ஒரு பட்டியல் தொங்கும். இந்த வாரம் யார் சமையலறையைத் துடைப்பது, யார் குப்பையை எடுத்துப்போவது என்று. நம் பிள்ளைகள் பலரும், அதிலும் பையன்கள், வீட்டில் தட்டைக்கூடக் கழுவி வைத்திராதவர்கள். அவர்கள் சறுக்குவது இங்கேதான். முறை வந்தும் செய்யாதவரோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். குளிர்பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அந்தச் சீட்டை அவமானமாக எடுத்துக்கொண்டு அறைக்குள் முடங்கியவர்கள் உண்டு. மன்னிப்புக் கேட்டுத் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி எலுமிச்சை சாதம் கிளறி நடுமேசையில் வைத்தவர்களும் உண்டு. இரண்டாமவர்களுக்கு அந்தத் தளம் வீடானது.

குப்பையில் நால்வகை. காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறைகளுக்கு மஞ்சள், உணவு மிச்சத்துக்கு ஒன்று, மற்றதெல்லாம் வேறொன்று. கண்ணாடி பாட்டிலை நிறம் பிரித்துத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும், அதையும் ஞாயிறு அன்று போடக் கூடாது, சத்தம் வரும் என்பதால். தண்ணீர் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். ஞாயிறு கடை கிடையாது. சனிக்கிழமை மாலை வாங்காமல் விட்ட பாலுக்குத் திங்கள் காலை வரை பொறுத்திருக்க வேண்டும். அக்டோபர் 3, நவம்பர் 1 போன்ற விடுமுறைகள் வார இறுதியை ஒட்டி வந்தால் இன்னும் ஒரு நாள். இதெல்லாம் கெடுபிடியாகத் தெரியும் முதலில். ஒரு தெரு முழுவதும் ஒரே நாளில் ஓய்வெடுப்பதைச் சில வாரம் பார்த்த பிறகு, நம் ஊரில் ஓய்வே இல்லாமல் கடை திறந்து வைத்திருப்பவர்களை நினைக்கத் தோன்றும்.

வகுப்பு

படிப்பைப் பற்றி எழுதச் சமையலறையைவிடக் குறைவாகவே இருக்கிறது. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் 10 மணி வகுப்பு என்றால் 10.15-க்குத் தொடங்கும், அந்தக் கால் மணி நேரம் பழைய மரபு. ஆசிரியர் பேசி முடித்ததும் கை தட்ட மாட்டார்கள், மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். வருகைப்பதிவு பெரும்பாலும் இல்லை. நம் கல்லூரியில் 75 சதவீதத்துக்கு ஓடி ஓடி வந்த பிள்ளைக்கு இது சொர்க்கமாகத் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அக மதிப்பீடு, மாதத் தேர்வு, அசைன்மென்ட் மதிப்பெண் என்று தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லாமல், பல பாடங்களில் கடைசித் தேர்வு ஒன்றே முழு மதிப்பெண். அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். பாடத்தில் பதிந்ததும் தேர்விலும் பதிந்ததாக நினைத்து இருந்துவிட்டால் தேர்வறைப் பட்டியலில் பெயர் இருக்காது.

மதிப்பெண் தலைகீழ். 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் விளிம்பு, 5.0 தோல்வி. நம் ஊர் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற 'பவேரிய சூத்திரம்' என்று ஒன்றை அங்கே பயன்படுத்துகிறார்கள். திரும்பி வரும்போது அவர்கள் மதிப்பெண்ணை நம் அளவுக்கு மாற்றும் முறையோ நம் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. ஒரு செமஸ்டருக்கு 30 ஐரோப்பிய கிரெடிட் என்பது முழுச் சுமை. கிரெடிட் ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முதல் முறை போகிறவர்கள் வீட்டில் கேள்வி வருமே என்று அத்தனையையும் எடுத்துக்கொண்டு மூழ்குகிறார்கள். நான்கு பாடத்தை நன்றாகப் படித்து, மீதி நேரத்தில் ஒரு மொழி வகுப்பும் பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் ஒரு பயிற்சியும் சேர்த்துக்கொண்டவர்களே மனம் தளராமல் திரும்புகிறார்கள். எந்தப் பாடத்துக்கு இங்கே எந்தப் பாடம் ஈடு என்பதைப் புறப்படுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வைத்துவிட வேண்டும். போய் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று துறைத்தலைவர் அன்பாகச் சொன்னாலும் நம்பிப் போகக் கூடாது. அவர் அதற்குள் மாறியிருப்பார்.

நவம்பர்

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதுவரை ஊருக்கும் அங்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த இடைவெளி நாலரை ஆகிவிடும். மாலை வகுப்பு முடிந்து அறைக்கு வந்து போனை எடுத்தால் வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். டிசம்பரில் ஆகனில் காலை எட்டரைக்குத்தான் சூரியன் எழும், மாலை நாலரைக்கு இறங்கிவிடும்; இடைப்பட்ட நேரத்திலும் மேகமும் தூறலும்தான். முதல் மாதத்துப் புதுமை தீர்ந்திருக்கும். கரோலஸ் பேரரசர் கட்டிய பேராலயத்தைப் பார்த்தாயிற்று. 1978-ல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலில் இடம்பிடித்த 12-ல் ஒன்று அது. வெந்நீர் ஊற்றின் கந்தக வாடையை முகர்ந்தாயிற்று. கொலோனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் போய்ப் படம் எடுத்துப் போட்டாயிற்று. இப்போது துணி காயவில்லை, அறைச்சுவரின் மூலையில் பூசணம் பூக்கிறது, பேசுகிற ஜெர்மன் பாதிதான் புரிகிறது, காரணம் சொல்லத் தெரியாமல் அழுகை வருகிறது.

இது அந்தப் பிள்ளையின் பலவீனம் அல்ல. நார்வே நாட்டு ஆய்வாளர் ஸ்வெர்ரெ லிஸ்கார்ட் 1955-லேயே இதை எழுதியிருக்கிறார். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த நார்வே நாட்டவர் 200 பேரை அவர் விசாரித்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் நன்றாக ஒட்டியதாகச் சொன்னார்கள். 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. இடையில் இருந்தவர்களே அதிகம் தத்தளித்தார்கள். தொடக்கத்தில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு ஏற்றம் என்ற வளைவை அதிலிருந்துதான் வரைந்தார்கள். எல்லோருக்கும் அது அப்படியே பொருந்துவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அதை வைத்து நம் பரிமாற்றத் திட்டத்தைப் பாருங்கள். உற்சாகம் வடிந்து உண்மையான பழக்கம் தொடங்கும் இடத்தில் நாம் பிள்ளையை விமானம் ஏற்றித் திரும்ப அழைத்துக்கொள்கிறோம். ஆறு மாதத்தில் திரும்பியவர் நன்றாக இருந்ததாகச் சொல்வதில் வியப்பில்லை. சிலர் பார்வையாளராகவே இருந்து திரும்பிவிட்டார்கள்.

அந்த இருட்டு மாதத்தில் உதவுவது என்ன என்று கேட்டால், போய் வந்தவர்கள் சொல்வதெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். வாரத்தில் ஒரு நாள் எந்த மழையிலும் தவறாமல் போக வேண்டிய ஓர் இடத்தை வைத்துக்கொள்வது: கூடைப்பந்து, சேர்ந்திசைக் குழு, மொழிப் பரிமாற்றக் கூட்டம், எதுவாயினும். பகலில் வெளிச்சம் இருக்கும் நேரம் பார்த்து வெளியே நடப்பது. தினமும் ஐந்து நிமிடம் சன்னலை முழுதாகத் திறந்து காற்றை மாற்றுவது. ஜெர்மானியர்கள் இதைச் சடங்குபோலச் செய்வதன் காரணம் பூசணம் பூத்த பிறகுதான் புரியும். தூக்கமும் பசியும் கெட்டுப்போனால் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆலோசகரிடம் போவது. மாணவர்களுக்கு அது இலவசம். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று நம் பிள்ளைகள் அந்தப் படியை ஏறத் தயங்குகிறார்கள். பெற்றோர்கள் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி அனுப்பலாம்: தேவைப்பட்டால் போ, எங்களிடம் கேட்க வேண்டாம்.

ஹம் வரை போகும் ரயில்

செமஸ்டர் கட்டணத்தோடு ஒரு பயணச்சீட்டும் வருகிறது. இப்போது பல பல்கலைக்கழகங்களில் அது நாடு முழுவதும் செல்லும். அதிவேக ரயிலைத் தவிர மற்ற வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம். ஆகனிலிருந்து கொலோன், டுசெல்டார்ஃப், டார்ட்முண்ட் வழியாக ஆர்.இ. 1 என்ற வட்டார ரயில் ஓடுகிறது. அது போய் நிற்கும் ஊர் ஹம். ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்த ஊரின் தொழிற்பேட்டைப் பகுதியில், தொழிற்கூடங்களுக்கு நடுவே, ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. 2002-ல் குடமுழுக்கு நடந்தது. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கோயில். கோடையில் நடக்கும் தேருக்கு ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். தீர்த்தத்துக்கு அருகிலிருக்கும் கால்வாயில் இறங்குகிறார்கள்.

ஆகனும் ஹம்மும் இருக்கும் மாநிலத்தின் நகரங்களில் ஈழத்தமிழர்களின் மளிகைக் கடைகளைத் தேடிப் போகாத தமிழ் மாணவர் இருக்க முடியாது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், புட்டு மா, நெத்தலிக் கருவாடு. "தம்பி, எங்க இருந்து வந்தனீங்கள்? படிக்கவோ?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கட்டுக் கீரையைக் கூடுதலாகப் பைக்குள் வைப்பார்கள். விசாவும் உதவித்தொகையும் பின்னால் நிற்க, திரும்பிப் போகும் பயணச்சீட்டோடு வந்த நம் மாணவர், திரும்பிப் போக வழியின்றி வந்து மொழி கற்று, தொழிற்சாலையிலும் சமையற்கூடத்திலும் உழைத்து, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியவர்களுக்கு முன்னால் நிற்கிறார். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது. வாங்கிய சாமானுக்குக் காசு கொடுத்துவிட்டு வெளியேறிவிடுவது பெரிய இழப்பு.

ஆகன் போன்ற நகரத்தில் இந்திய மாணவர்கள் நிறைய இருப்பதால் வேறொன்றும் நடக்கிறது. முதல் நாளே வாட்ஸப் குழு, வாரக் கடைசியில் பிரியாணி, தீபாவளிக்கு வேட்டி, இரவில் புதுப்படம். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் இருப்பது சாதாரண விஷயம் இல்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாதத்தையும் அந்தக் குழுவுக்குள்ளேயே கழித்தவருக்கு ஜெர்மன் ஒரு வாக்கியம் தங்கியிருக்காது. குறுகிய காலம் இருப்பவரே அதிகம் அங்கே ஒதுங்குகிறார் என்பதுதான் வருத்தம். எப்படியும் பிப்ரவரியில் கிளம்பப் போகிறோம், எதற்குப் புதிதாக ஒருவரோடு பழகுவது என்ற எண்ணம் அவரைத் தடுக்கிறது. தளத்தில் இருப்பவர்களும் அப்படியே நினைக்கிறார்கள்.

இரண்டு செமஸ்டர்

ஆகவேதான் கேட்கிறேன், ஏன் ஒரு செமஸ்டர்? நம் கல்லூரிகளின் நாட்காட்டி ஜூலையில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை, கோடை செமஸ்டர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அக்டோபரில் போனால் இங்கே ஒற்றைப்படை செமஸ்டரில் பாதி போய்விடும். பிப்ரவரி, மார்ச்சில் தேர்வு முடித்து வருவதற்குள் இரட்டைப்படை செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். ஒரு செமஸ்டருக்காகப் போய் இரண்டு செமஸ்டரைக் கலைத்துக்கொள்கிறார்கள். சிலர் நம் ஊர்த் தேர்வுக்காக அங்கே தேர்வு எழுதாமலேயே திரும்புகிறார்கள். எப்படியும் ஓர் ஆண்டு கலையத்தான் போகிறது என்றால் அந்த ஆண்டை முழுதாகக் கொடுப்பதே நியாயம்.

இரண்டாம் செமஸ்டரில் கிடைப்பதைச் சொல்கிறேன். காகித வேலை முடிந்திருக்கும், பணம் மாதாமாதம் இறங்கும், காது மொழிக்குப் பழகியிருக்கும், குப்பைக்கு எந்தத் தொட்டி என்று யோசிக்க வேண்டியிராது. பிப்ரவரியில் தேர்வுப் புத்தகத்துக்குள் இருந்ததால் சன்னல் வழியே மட்டும் பார்த்த கார்னிவல் ஊர்வலத்துக்கு அடுத்து, ஏப்ரலில் அதே நகரம் வேறு முகம் காட்டும். ஜூனில் இரவு பத்து மணிக்குத்தான் இருட்டும். ஆய்வுக்கூடத்தில் பகுதிநேர உதவியாளர் வேலை கேட்கலாம். ஆண்டுக்கு 140 முழு நாள் வரை வேலை செய்யப் படிப்பு விசா இடம் தருகிறது. ஆசிரியருக்கு முகம் தெரிந்திருக்கும். ஹம் தேரும் அப்போதுதான்.

செலவு இரட்டிப்பாகுமே என்று கேட்கலாம். கிட்டத்தட்ட ஆகும், மறுக்கவில்லை. ஆனால் விமானக் கட்டணம், விசாச் செலவு, முதல் மாதத்துச் சாமான் செலவு இவை இரட்டிப்பாவதில்லை. பரிமாற்ற ஒப்பந்தத்தில் போகிறவருக்குக் கல்விக் கட்டணமும் அங்கே இல்லை. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய தொகை என்பது உண்மை; உதவித்தொகை எண்ணிக்கையைப் பாதியாக்கிக் காலத்தை இரட்டிப்பாக்கச் சொன்னால் அதிலும் அநீதி இருக்கிறது. ஆகவே என் கோரிக்கை கல்லூரிகளிடம்தான். ஓராண்டு போக விரும்புகிறவருக்கு வழியை மூடாதீர்கள். கிரெடிட் ஈடு பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பித்துப் பொதுவில் வையுங்கள். போய் வந்தவரை ஒரு மாலை நேரக் கூட்டத்தில் பேசவைத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், அடுத்து போகிறவரோடு உட்காரவையுங்கள். அடி தட்டையான குக்கரைப் பற்றி வெளிநாட்டுத் தொடர்பு அதிகாரிக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

கிளம்பும் மாதத்துக்கும் ஒரு வேலைப் பட்டியல் உண்டு. அறையை ஒப்படைக்கும் நாளைப் பராமரிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டும், சுவரில் ஆணி அடித்த துளையை அடைக்க வேண்டும். முன்பணம் உடனே வராது, மாதங்கள் ஆகலாம். அதுவரை வங்கிக் கணக்கை மூடக் கூடாது. நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்கி, அந்தச் சான்றைக் காட்டித்தான் வானொலிக் கட்டணத்தையும் காப்பீட்டையும் நிறுத்த முடியும். மதிப்பெண் பட்டியல் நீங்கள் ஊர் வந்து பல வாரம் கழித்தே வரும். அதற்குள் இங்கே வேலைவாய்ப்பு முகாம் தொடங்கியிருக்கும், நிறுவனங்கள் மதிப்பெண் கேட்கும், கல்லூரி 'நிலுவை' என்று போட்டு வைத்திருக்கும். அந்த இடைவெளியில் மாணவரின் பெயருக்கு எதிரே நிலுவை என்ற சொல் நிற்காமல் பார்த்துக்கொள்வது கல்லூரியின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே அதை எழுதிச் சேர்க்க முடியும்.